லிப்பிட் ராஃப்ட்: தெப்பமா, திட்டா, புணையா?

திருச்சி:
குழுவினருக்கு வணக்கம். இளங்கலை உயிர்வேதியியல் தமிழ்வழிக் குறிப்புகள் திங்கட்கிழமை அச்சுக்குப் போகின்றன. செல் சவ்வுப் பாடத்தில் 'லிப்பிட் ராஃப்ட்' வந்த இடத்தில் நிற்கிறேன் (லிப்பிட் என்பது கொழுப்பு வகைப் பொருள், நாம் கொழுமியம் என்கிறோம்; ராஃப்ட் என்றால் மிதவை). சவ்வு எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. ஸ்பிங்கோலிப்பிட் என்ற கொழுமிய வகையும் கொலஸ்டிராலும் ஆங்காங்கே நெருங்கிக் கூடி, சில புரதங்களையும் சேர்த்துக்கொள்கின்றன. அந்தக் கூட்டம்தான் ராஃப்ட். 1997இல் சைமன்ஸ், இகோனென் என்ற ஆய்வாளர்கள் முன்வைத்த கருத்து. 'கொழுமியத் தெப்பம்' சரிவருமா?

மதுரை:
தாராளமாக எழுதுங்கள் அம்மா. தைப்பூசத்துக்கு வண்டியூர்த் தெப்பக்குளம் பார்த்த பிள்ளைக்கு விளக்கமே வேண்டாம்.

தஞ்சாவூர்:
தெப்பம் நீரின் மேல் மிதப்பது. இது சவ்வுக்குள்ளேயே இருப்பது. 'நீர்வழிப் படூஉம் புணைபோல்' என்கிறது புறநானூறு; 'இனமென்னும் ஏமப் புணை' என்கிறார் வள்ளுவர். இனம் இனத்தோடு சேர்வதுதானே இங்கும் நடக்கிறது? புணர், புணை, பிணை எல்லாம் ஒரே குடும்பம். ஆகவே 'கொழுமியப் புணை'.

சென்னை:
ஐயா, புணை என்றால் இன்று ஜாமீன்தான் ஞாபகம் வரும். அப்புறம், 'பிணை' மாணவரைத் தவறான வழியில் இழுக்கும். இங்கே வேதிப்பிணைப்பு ஏதும் இல்லை. ஸ்பிங்கோலிப்பிடின் வால்கள் (நீண்ட கார்பன் சங்கிலிகள்) பெரும்பாலும் நேரானவை, இடையில் கொலஸ்டிரால் செருகிக்கொள்ளும். மற்றக் கொழுமியங்கள் பலவற்றில் இரட்டைப் பிணைப்பு உள்ள இடத்தில் வால் மடங்கியிருப்பதால் அவ்வளவு நெருங்க முடியாது. என் ஓட்டு 'கொழுமியத் திட்டு'.

மதுரை:
'டீச்சர், திட்டு எங்கே?' என்று வகுப்பே சிரிக்கும். தவிர, திட்டு கிடந்த இடத்தில் கிடப்பது. இதுவோ 10 முதல் 200 நானோமீட்டர் அளவில் நகரும், கூடும், கலையும்.

யாழ்ப்பாணம்:
எங்கட பாடநூலில் செல்லுக்குக் 'கலம்', லிப்பிடுக்கு 'இலிப்பிட்டு'. கலம் என்றால் கப்பலும்தான். கலத்தில் தெப்பம் என்று எழுதினால் பிள்ளைகள் துறைமுகத்துக்குப் போய்விடுவார்கள்.

சிங்கப்பூர்:
பெயர் வைக்குமுன் பிள்ளை பிறந்ததா என்று பாருங்கள். குளிரில் டிரைட்டன் எக்ஸ்-100 என்ற சோப்பு போன்ற பொருளைச் சவ்வின் மேல் ஊற்றிக் கரையாமல் எஞ்சியதைத்தான் பலர் ராஃப்ட் என்றார்கள்; அந்தச் சோப்பே அவற்றை ஒன்றுசேர்த்திருக்கலாம் என்ற மறுப்பு உண்டு. செயற்கைச் சவ்வில் நெருங்கிய பகுதியும் தளர்ந்த பகுதியும் பிரிவது நுண்ணோக்கியிலேயே தெரியும். உயிருள்ள செல்லில் சாதாரண ஒளி நுண்ணோக்கிக்கு எட்டாத சிறுமை.

திருச்சி:
எல்லோருக்கும் நன்றி. நேரமில்லை, மதுரை நண்பர் ஆதரித்தபடி 'கொழுமியத் தெப்பம்' என்றே வைக்கிறேன். சவ்வில் வேறுபட்டு நிற்கும் எந்தப் பகுதிக்கும் பொதுப்பெயராகத் 'திட்டு'. முதல் முறை வரும்போது அருகில் 'லிப்பிட் ராஃப்ட்' என்றும் போடுகிறேன். சிங்கப்பூர் நண்பர் சொன்ன சோப்புச் சிக்கலுக்குத் தனிப் பத்தி.

தஞ்சாவூர்:
எனக்கு உடன்பாடில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். போகட்டும், 'ராஃப்ட்' என்ற அந்த எழுத்துக்கூட்டை எப்படி விடுவது? ஆய்தம் குற்றெழுத்தை அடுத்து, உயிர்மெய் வல்லினத்துக்கு முன் வர வேண்டும் என்பது தொல்காப்பியம். இங்கே முன்னால் நெடில், பின்னால் வெறும் மெய். 'இராப்டு' என்றாவது எழுதுங்கள்.