தார்ப்பாய் அவிழ்க்கும்போது விழுந்த லாரி டிரைவர்: எஃப்ஐஆர் இல்லாமல் இழப்பீடு கிடைக்குமா?

பாலாற்றங்கரை:
குடியாத்தம் டிரைவர் ஒருவருக்காகக் கேட்கிறேன். வயது 40, பத்து சக்கர லாரி. 2025 ஜூனில் நெல்லூரில் லோடு இறக்கப் போன இடத்தில், தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்க்கும்போது மேலிருந்து விழுந்து இடது முழங்கால் நொறுங்கிவிட்டது. வேலூரில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். கால் பாதிக்கு மேல் மடங்கவில்லை. வேறு வண்டி மோதவில்லை, எஃப்ஐஆரும் இல்லை. சம்பளம் 12,000, அதற்கு மேல் டிரிப் பேட்டா, எல்லாம் ரொக்கம். ஆஸ்பத்திரி பில்லை ஓனர் கட்டினார். இப்போது 75,000 தருகிறேன், இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று பத்திரத்தில் எழுதிக் கொடு என்கிறார். கொடுக்கலாமா? கேஸ் போட ஆந்திராவுக்குத்தான் போகணுமா?

கிளைம் மேசை:
பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டாம், ஐயா. அப்படி எழுதி வாங்கினாலும் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி அது செல்லாது. மொத்தத் தொகை பேசி முடித்தால் ஓனர் அதைத் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் பதிவுக்கு அனுப்பியாக வேண்டும். அனுப்பாவிட்டால் முழுத் தொகைக்கும் அவரே பொறுப்பு. ஏற்கெனவே கொடுத்ததில் பாதிக்கு மேல் கழிக்கவும் முடியாது, ஆணையர் வேறு மாதிரி சொன்னால் தவிர. ஆஸ்பத்திரிக்குக் கட்டியது வேறு கணக்கு. சிகிச்சைச் செலவை இழப்பீட்டில் கழிக்கக் கூடாது.

வேறு வண்டி மோதாததால் மோட்டார் வாகனத் தீர்ப்பாயத்தில் யார் மேல் தவறு என்று காட்டுவது கஷ்டம். இழப்பீட்டுச் சட்டத்தில் யார் தவறு என்ற கேள்வியே வராது. வேலையின் போது, வேலையின் காரணமாகக் காயம் என்றால் போதும். தார்ப்பாய் கட்டுவதும் அவிழ்ப்பதும் டிரைவர் வேலைதான். இரண்டு இடத்திலும் வாங்க முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நெல்லூர் போகத் தேவையில்லை. 21-ஆம் பிரிவுப்படி தொழிலாளி குடியிருக்கும் பகுதிக்குரிய ஆணையரிடம் போடலாம். குடியாத்தத்துக்கு அது வேலூர். விபத்திலிருந்து 2 வருடக் கெடு, அதாவது 2027 ஜூன். 2025 நவம்பர் 21-ல் இந்தச் சட்டத்துக்குப் பதிலாகச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அமலுக்கு வந்தது. இந்த விபத்து அதற்கு முந்தியது, ஆகவே பழைய சட்டக் கணக்குதான்.

எண்_கணக்கு:
கணக்கைப் போட்டுப் பார்த்தால் 75,000 எவ்வளவு குறைவு என்று தெரியும். மாதச் சம்பளத்தில் 60 சதவீதம், அதை வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு 184.17. சம்பள உச்சவரம்பு 15,000 (2020 ஜனவரி 3 முதல்). பேட்டாவில் ஒரு பகுதி சேர்ந்து 15,000 எட்டினால்: 9,000 × 184.17 = 16,57,530. இது முழு இழப்புக்கு. சம்பாதிக்கும் திறனில் 40 சதவீத இழப்பு என்று முடிவானால் 6,63,012. பேட்டாவே சேரவில்லை, 12,000 மட்டும் என்றாலும் அதே 40 சதவீதத்துக்கு 5,30,410 வரும். பேட்டா வழிச்செலவுக்குத்தான் என்று எதிர்த்தரப்பு வாதாடும். சாப்பாடு, போலீஸ், டோல் செலவு போக டிரிப்புக்கு நிகரமாக எவ்வளவு கையில் நின்றது என்று காட்டுங்கள்.

ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி. காரணமில்லாமல் இழுத்தால் 50 சதவீதம் வரை அபராதம். வட்டியை இன்சூரன்ஸ் கட்டும். அபராதம் ஓனர் பாக்கெட்டிலிருந்துதான். இதை ஓனரிடம் சொன்னாலே பேச்சு மாறும்.

கிளைம் மேசை:
சதவீதத்தில்தான் பெரும்பாலான கேஸ் சரிகிறது. டாக்டர் தரும் ஊனச் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறன் இழப்பு வேறு. கே. ஜனார்த்தன் வழக்கில் (2008) கால் துண்டிக்கப்பட்ட டேங்கர் டிரைவருக்கு உயர்நீதிமன்றம் 65 சதவீதமாகக் குறைத்ததை உச்சநீதிமன்றம் 100 ஆக்கியது, இனி டிரைவர் வேலையே முடியாது என்பதால். இங்கே கால் துண்டாகவில்லை, தானாக 100 வராது. ஆனால் இடது கால் கிளட்ச் கால். எத்தனை டிகிரி மடங்குகிறது, கனரக வண்டியின் கிளட்சை மிதிக்க முடியுமா, கேபினில் ஏற முடியுமா என்று எலும்பு டாக்டர் எழுதித் தர வேண்டும், சாட்சியும் சொல்ல வேண்டும். லைசென்ஸ் புதுப்பிக்கும் படிவம் 1ஏ-வில் தகுதியில்லை என்று டாக்டர் எழுதினால் அதைவிட வலுவான காகிதம் இல்லை.

பாலாற்றங்கரை:
நன்றி சார். வேலூர் ஆஸ்பத்திரி ஏஆர் (விபத்துப் பதிவேடு) காப்பியில் "கீழே விழுந்ததாக" என்று மட்டும் இருக்கிறது. லாரி என்ற சொல்லே இல்லை. இது கெடுக்குமா?

சங்கத்து_ஆள்:
"வீட்டில் விழுந்தார்" என்று இல்லாதவரை தப்பித்தீர்கள், தோழர். போலீசுக்குப் பயந்து அப்படிச் சொல்லச் சொல்லும் ஓனர்கள் உண்டு, அந்த ஒரு வரி கேஸையே சாய்த்துவிடும். காப்பியைத் திருத்த முயற்சிக்காதீர்கள். நெல்லூரில் முதலுதவி பார்த்த இடத்தின் சீட்டைப் போய் வாங்குங்கள். இ-வே பில்லில் வண்டி எண்ணும் தேதியும் இருக்கும், லோடு ரசீதிலும் டிரிப் ஷீட்டிலும் டிரைவர் பெயர் இருக்கலாம். இறக்கிய கூலி ஆட்களில் ஒருவர் சாட்சி சொன்னால் நல்லது. ஓனர் பில் கட்டிய ரசீதே வேலை உறவுக்குச் சான்று. அவர் அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸை அழித்துவிடாதீர்கள்.

வண்டி எண்ணை எம்பரிவாகன் என்ற அரசு செயலியில் போட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி தெரியும். அதையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள். பாலிசியில் சம்பள டிரைவருக்கான பொறுப்பு என்று தனி பிரீமிய வரி இருக்கிறதா பாருங்கள். நின்ற வண்டி, ஓட்டவில்லை என்று அவர்கள் தட்டிக்கழிப்பார்கள். அவர்கள் ஜெயித்தாலும் ஓனர் பொறுப்பு போகாது. விபத்து நாளில் லைசென்ஸ் உயிரோடு இருந்ததா என்பதையும் இப்போதே பாருங்கள்.

இன்னொன்று: ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் கம்பெனிகளின் சொந்த லாரி என்று சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்திருந்தால் இந்தச் சட்டத்தில் கேட்க முடியாது, இஎஸ்ஐ அலுவலகம்தான். சம்பளச் சீட்டே இல்லாததால் இவருக்கு அது இருக்காது, ஆனாலும் கேட்டு உறுதி செய்யுங்கள். முதல் வேலையாக ஓனருக்கு எழுத்து நோட்டீஸ் ஒப்புகையோடு போகட்டும்: தேதி, இடம், காயம், வண்டி எண். நகல் மனுவோடு வைக்க வேண்டும்.