திருகை முழுதும் இறுக்கியும் அழுத்தம் ஏறாத ஹைட்ராலிக் பிரஸ்

பெகு பட்டறை:
ஐயா, எங்கள் பட்டறையில் நெல் ஆலைத் தண்டுகளில் பேரிங் ஏற்றவும் கழற்றவும் ஒரு பழைய ஜப்பான் பிரஸ் இருக்கிறது. பம்ப் நிமிடத்துக்கு 40 லிட்டர் தரும். வேலை அழுத்தம் 150 பார் (பார் என்பது அழுத்த அலகு). போன வாரம் ஹோஸ் ஒன்றை மாற்றினோம். அதிலிருந்து அழுத்தம் காட்டும் கேஜின் முள் 8 பாரைத் தாண்டவில்லை. அழுத்தம் மிகும்போது எண்ணெயை டேங்குக்குத் திருப்பும் ரிலீஃப் வால்வின் திருகை முழுதும் இறுக்கிவிட்டேன், பயனில்லை. பம்ப் தேய்ந்துவிட்டதா?

சிரியம் மெக்கானிக்:
தம்பி, பம்பின் மீது பழி போட வேண்டாம். பம்ப் எண்ணெயை ஓட விடுகிறது, அவ்வளவுதான். அந்த ஓட்டத்துக்குத் தடை வரும்போதுதான் அழுத்தம் உண்டாகிறது. அழுத்தம் எந்த எல்லை வரை ஏறலாம் என்பதை ரிலீஃப் வால்வு வைக்கிறது. திருகை இறுக்குவதால் அந்த எல்லை உயருமே தவிர, அழுத்தம் பிறக்காது.

உங்கள் வால்வு பைலட் வகை, அதாவது சிறிய வால்வு ஒன்று பெரிய வால்வை இயக்கும் வகை என்று நினைக்கிறேன். அதில் எண்ணெய் வழியை அடைக்கும் மூடியான பெரிய பாப்பெட்டை மெல்லிய ஸ்பிரிங் ஒன்றுதான் தாங்குகிறது. பாப்பெட்டில் உள்ள ஊசித் துளை வழியாக எண்ணெய் மேற்பக்கம் சென்று, இரு பக்கமும் ஒரே அழுத்தம் நிற்பதால் அது மூடியிருக்கிறது. எல்லையைத் தொட்டதும் மேலே உள்ள சிறிய பைலட் கூம்பு விலகி, மேற்பக்கத்து எண்ணெயைக் கொஞ்சம் டேங்குக்கு விடும். துளை அதை உடனே ஈடுசெய்ய முடியாததால் மேற்பக்க அழுத்தம் குறைந்து பாப்பெட் எழும்பும். அந்தத் துளை அடைபட்டால் மேலே அழுத்தமே சேராது. மெல்லிய ஸ்பிரிங்கை மட்டும் வென்று எண்ணெய் முழுவதும் டேங்குக்கு ஓடிவிடும். திருகுக்கு முள் அசையாததும், ஹோஸ் மாற்றிய பிறகு இது தொடங்கியதும் இதையே காட்டுகின்றன.

மோல்மீன் ஆயில்:
அண்ணன் சொன்னது சரி. ஆனால் துளையைச் சுத்தம் செய்து மாட்டுவதற்கு முன் திருகை முழுவதும் தளர்த்திவிடுங்கள். இறுக்கிய நிலையிலேயே பம்பை ஓட்டினால் அழுத்தம் ஒரே பாய்ச்சலில் எல்லையை மீறி, ஹோஸோ சீலோ வெடிக்கும். சூடான எண்ணெய் ஊசியாய்த் தோலுக்குள் புகுந்தால் கையே போய்விடும். பிரஸ்ஸை முட்ட விட்டு நீண்ட நேரம் பிடித்திருப்பதும் தவறு: 150 பாரில் 40 லிட்டர் வால்வு வழியே ஓடினால் 10 கிலோவாட் அளவு வெப்பம் எண்ணெயில் சேரும்.

பெகு பட்டறை:
கழற்றிப் பார்த்தோம், ஐயா. ஊசித் துளையில் எள்ளளவு கறுப்பு ரப்பர் துணுக்கு இருந்தது. ஹோஸை வெட்டியபோது உள்ளே விழுந்திருக்க வேண்டும். திருகைத் தளர்த்தி ஓட்டி, மெல்ல இறுக்கி 150 பாரில் நிறுத்தினோம். இன்னொரு சந்தேகம்: பக்கத்தில் உள்ள பிடிப்பான் சிலிண்டருக்கு 50 பார் போதும். அங்கும் ரிலீஃப் வால்வு வைக்கலாமா?

சிரியம் மெக்கானிக்:
வேண்டாம் தம்பி. அங்கே ரிலீஃப் வைத்தால் முழு லைனும் 50 பாருக்கு இறங்கிவிடும், பிரஸ் வேலை செய்யாது. அதற்கு ரிட்யூசிங் வால்வு வேண்டும். ரிலீஃப் தனக்கு முன்னால் உள்ள அழுத்தத்தைப் பார்த்து, மூடிய நிலையிலிருந்து திறக்கிறது. ரிட்யூசிங் தனக்குப் பின்னால் போன அழுத்தத்தைப் பார்த்து, திறந்த நிலையிலிருந்து ஒடுங்குகிறது. வால்வுக்குள் இருந்து எண்ணெய் வெளியேறும் அதன் ட்ரெயின் லைனை டேங்குக்குத் தனியாகக் கொண்டுபோங்கள். திரும்பும் லைனோடு சேர்த்தால் அங்குள்ள எதிரழுத்தமும் 50 பாரோடு கூடிக்கொள்ளும்.