70.3-இல் 4:55: ப்ரோ ஆவதற்கான இலக்கை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: ஈசிஆர்_சைக்கிள்

வயது 27, எடை 70 கிலோ, சென்னை. 70.3 ட்ரையத்லானில் (1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம்) என் நேரம் 4:55. நீச்சல் 36 நிமிடம், சைக்கிள் 2:35, ஓட்டம் 1:38, மீதி டிரான்சிஷனில் (ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மாறுவதில்) போகிறது. எஃப்டிபி (சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் அதிகபட்ச சைக்கிள் சக்தி) 250 வாட். வாரத்துக்கு 10 மணி நேரப் பயிற்சி. மூன்று வருடத்தில் ப்ரோ லைசென்ஸ் (தொழில்முறை வீரர் உரிமம்) வாங்க ஆசை. இதை வருடம், மாதம் என்று எப்படிப் பிரிப்பது? எதில் முதலில் கைவைப்பது?

பதில்: பெடல்மணி

முதலில் இடைவெளியை நிமிடக் கணக்கில் எழுதுங்கள். சமதளப் பாதையில் நடுத்தர ஆண் ப்ரோ ஒருவர் 24 நிமிடத்தில் நீந்தி, 2:05 பக்கம் சைக்கிளை முடித்து, 1:12-இல் ஓடிவிடுவார். டிரான்சிஷனோடு 3:45. உங்களுக்குச் சுமார் 70 நிமிடம் குறைய வேண்டும்: சைக்கிளில் 30, ஓட்டத்தில் 26, நீச்சலில் 12, டிரான்சிஷனில் 2. சாதனை நேரங்களோடு ஒப்பிடாதீர்கள்; பாதையும் காற்றும் வெயிலும் எல்லாவற்றையும் மாற்றிவிடும். ப்ரோ பிரிவும் நடக்கும் போட்டி ஒன்றில் கலந்துகொண்டு, அன்றைய ப்ரோ பட்டியலின் நடுவில் வந்தவரின் நேரத்தை எடுங்கள். அதுதான் சரியான அளவுகோல்.

முதல் வருடம் 4:30 (31 நிமிடம், 2:25, 1:30). அடுத்து 4:10, கூடவே ஏஜ் குரூப்பில் (அமெச்சூர்களின் வயதுப் பிரிவில்) முதல் மூன்று இடத்துக்குள் ஒன்று. லைசென்ஸ் பேச்சு அதற்குப் பிறகு. மூன்று வருடம் ரொம்ப இறுக்கம், ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எஃப்டிபி இலக்கு 280, அதாவது கிலோவுக்கு 4 வாட். ஆறு வாரத்துக்கு ஒருமுறை 20 நிமிடச் சோதனை. வரும் சராசரியை 0.95-ஆல் பெருக்குங்கள். ஆனால் சமதளத்தில் வாட் பாதிக் கதைதான். ஏரோ பாரில் (முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்டும் கைப்பிடி) 90 கி.மீ. முழுக்கத் தலை தாழ்த்தி இருக்க முடியாவிட்டால், கூட்டிய வாட்டைக் காற்று தின்றுவிடும். நீண்ட ரைடில் ஏரோ நிலையில் 20 நிமிடத் துண்டுகளாகத் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போங்கள்.

10 மணி நேரத்தை ஒரேயடியாக 16 ஆக்காதீர்கள். மூன்று வாரம் ஏற்றி, நான்காவது வாரம் குறையுங்கள். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்: மெதுவான ஓட்டத்தை வேகமாக ஓடி, வேகமான நாளில் கால் வராமல் நின்று, கடைசியில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி.

பதில்: அலைநுரை

மேலே சொன்ன கணக்கில் நீச்சல் வெறும் 12 நிமிடமாகத் தெரியும். ஏமாறாதீர்கள். ப்ரோ போட்டியில் தண்ணீரிலிருந்து கூட்டமாக வெளியே வருபவர்கள் சைக்கிளிலும் சட்டப்படி இடைவெளி விட்டே ஒன்றாகப் போவார்கள். அந்த இடைவெளியிலும் முன்னால் போகிறவர் காற்றைக் கொஞ்சம் உடைத்துத் தருவார். தனியாக வருபவருக்கு அது கிடையாது.

சிஎஸ்எஸ் (நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் நீச்சல் வேகம்) சோதனை செய்யுங்கள்: 400 மீட்டர், நன்றாக ஓய்வு, பிறகு 200. இரண்டு நேரத்தின் வித்தியாசத்தில் பாதி உங்கள் 100 மீட்டர் பேஸ். 400-க்கு 7:10, 200-க்கு 3:30 என்றால் 1:50. வாரம் 5 நாள் தண்ணீரில் இறங்குங்கள், அதில் இரண்டு நாள் இந்தப் பேஸில் 15×100, நடுவே 15 விநாடி ஓய்வு. கடைசி ஐந்தில் நேரம் கூடினால் பேஸ் தப்பு, கொஞ்சம் மெதுவாக்குங்கள். முழங்கை தண்ணீருக்குள் தாழ்கிறதா என்று யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லிப் பார்க்கவும். புல் பாய்க்கு (தொடைகளுக்கு நடுவே வைக்கும் மிதவை) பழகிவிட்டால் இடுப்பு தாழ்வது தெரியவே தெரியாது.

வெட்சூட்டை (மிதக்க உதவும் ரப்பர் நீச்சல் உடை) நம்பியும் கணக்குப் போடாதீர்கள். அயர்ன்மேன் போட்டிகளில் தண்ணீர் வெப்பம் அமெச்சூருக்கு 24.5 டிகிரி செல்சியஸ் வரை அனுமதி, ப்ரோவுக்கு 21.9 வரைதான்.

பதில்: நிழல்_ஓட்டம்

இன்னொன்று. ஒலிம்பிக் தூரப் பாதையைக் கனவிலும் எடுக்காதீர்கள். அங்கே ப்ரோ போட்டியில் டிராஃப்டிங் (முன்னால் போகிற சைக்கிளை ஒட்டிப் போவது) அனுமதி உண்டு; முன் கூட்டத்தோடு தண்ணீரிலிருந்து வெளியே வராதவருக்குப் போட்டி அங்கேயே முடிந்த மாதிரிதான். பாரிஸ் 2024-இல் அலெக்ஸ் யீ ஜெயித்த நேரம் 1:43:33. அந்த மட்டத்தில் இருப்பவர்களில் பலர் சிறு வயதிலேயே நீச்சல் குளத்தில் வளர்ந்தவர்கள். உங்களுக்கு 70.3-தான் சரி.

லைசென்ஸ் விதி ஒவ்வொரு நாட்டுச் சம்மேளனத்துக்கும் வேறு. அதைப் படித்துவிட்டு இலக்கு எழுதுங்கள். அவசரப்பட்டு வாங்கினால் ஏஜ் குரூப் பரிசும் உலகப் போட்டி இடமும் போய்விடும், ப்ரோ பட்டியலில் கடைசியில் நிற்பீர்கள்.

ஈசிஆர்_சைக்கிள்

நன்றி. ஓட்டத்தில் 12 கி.மீ. தாண்டியதும் வேகம் விழுகிறது. இதற்குத் தனி இலக்கு வேண்டுமா?

பதில்: பெடல்மணி

சைக்கிளில் மணிக்கு எத்தனை கிராம் கார்போஹைட்ரேட்? 40-க்குக் கீழே என்றால் அநேகமாகக் காரணம் அதுதான். இரண்டு வாரத்துக்கு 10 கிராம் வீதம் கூட்டி 80–90-க்கு வாருங்கள். 60-க்கு மேல் வெறும் குளுக்கோஸை உடல் ஏற்காது, வயிறு கலங்கும். ஃப்ரக்டோஸ் கலந்த ஜெல் வேண்டும், குளுக்கோஸ் 2 பங்கு, ஃப்ரக்டோஸ் 1 பங்கு.

வியர்வையையும் அளந்து பாருங்கள். ஒரு மணி நேரப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 1.2 கிலோ குறைந்து, நடுவே அரை லிட்டர் குடித்திருந்தால் மணிக்கு 1.7 லிட்டர் போகிறது. அதை முழுக்க ஈடுகட்ட முடியாது, ஆனால் உப்போடு மணிக்கு 800 மில்லி வரை உள்ளே போக வேண்டும். இதையெல்லாம் ஞாயிறு பிரிக்கில் (சைக்கிள் முடிந்ததும் உடனே ஓடும் பயிற்சி) பழகுங்கள்: 80 கி.மீ. சைக்கிள், உடனே 8 கி.மீ. ஓட்டம், முதல் இரண்டு கி.மீ. இலக்கு பேஸைவிட 10 விநாடி மெதுவாக.