காந்திக்கு விபூதி

குழு: கும்பகோணம் வீடு
ஞாயிறு

வித்யா, காலை 10:14
[படம்]
தாத்தாவின் டிரங்குப் பெட்டியை இன்றைக்குத்தான் திறந்தோம். அடியில், பழைய பஞ்சாங்கங்களுக்குக் கீழே இது இருந்தது. பிளாஸ்டிக் தட்டில் ஒன்பது காசு, ஒரு பைசாவிலிருந்து பத்து ரூபாய் வரைக்கும். ரகு மாமா, இது உங்கள் டிபார்ட்மென்ட்.

மீனா, 10:17
அந்தப் பெட்டியில் பாச்சை உருண்டை வாசனை இன்னும் போகவில்லையா?

வித்யா, 10:18
போகவில்லை சித்தி. என் கையே நாறுகிறது.

ரகு, 10:31
யாரும் தொடாதீர்கள்.

ரகு, 10:31
தட்டிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள்.

ரகு, 10:34
அது 1969 காந்தி நூற்றாண்டு ப்ரூஃப் செட், சேகரிப்பவர்களுக்கென்றே தனியாக அடித்தது. பம்பாய் மின்ட், அதாவது காசு அடிக்கிற சாலை. அப்பா மணியார்டர் கட்டித் தபாலில் வரவழைத்தார். வீடு மாற்றியபோது தொலைந்துவிட்டது என்றே இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திக், 10:36
மாமா, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிய காசில் 1969 என்று இல்லையே? 1869-1948 என்று போட்டிருக்கிறது. டூப்ளிகேட்டா?

ரகு, 10:40
இல்லடா. காந்தி பிறந்த வருடமும் மறைந்த வருடமும் அது. 20 பைசா, 50 பைசா, 1 ரூபாய், 10 ரூபாய் நான்கிலும் காந்தி தலைதான், அதனால் நான்கிலும் அப்படித்தான் இருக்கும். மற்ற சில்லறைகளில் 1969 இருக்கும். வித்யா, லென்ஸ் இருந்தால் வருடத்துக்குக் கீழே பார். புழக்கத்துக்கு அடித்த பம்பாய்க் காசு என்றால் குட்டி டைமண்ட் இருக்கும். ப்ரூஃப் என்றால் ஆங்கில பி எழுத்து. பிற்பாடு வந்த மும்பை ப்ரூஃப்களில் பி போய் எம் ஆகிவிட்டது.

வித்யா, 10:46
50 பைசாவில் பி தெரிகிறது மாமா. பத்து ரூபாயைப் பார்க்கலாம் என்றால் அந்தக் குழி காலியாக இருக்கிறது. போட்டோ எடுக்கும்போது இருந்ததே?

கமலா, 10:52
[படம்]
என்னிடம்தான் இருக்கிறது. கறுத்துப் போயிருந்தது. நம் குத்துவிளக்குக்குப் போடுகிற மாதிரி விபூதி போட்டுத் துணியால் நன்றாகத் தேய்த்தேன். எப்படிப் பளிச்சென்று ஆகிவிட்டது பாருங்கள்!

மீனா, 10:53
ரொம்ப அழகு அக்கா.

ரகு, 10:54
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ரகு, 10:54
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சுதா, 10:57
அவர் போனை வைத்துவிட்டு ஊஞ்சலில் போய் உட்கார்ந்திருக்கிறார். ஐந்து நிமிடம் கொடுங்கள்.

கமலா, 10:58
நான் என்ன தப்பு செய்தேன்? வெள்ளியை விபூதியால்தானே துலக்குவோம்?

ரகு, 11:09
அக்கா, கோபம் இல்லை.

கமலா, 11:09
கோபம் இல்லை என்று நீ ஆரம்பிக்கும்போதே தெரிகிறது.

ரகு, 11:16
சரி, கேள். கடையில் சில்லறையாக வாங்குகிற காசு மெஷினில் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் அடிபட்டு, தொட்டியில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, மூட்டையில் உரசிக்கொண்டு வருகிறது. ப்ரூஃப் அப்படி இல்லை. அச்சையும் மெருகேற்றுவார்கள், காசாகப் போகிற வெறும் தகட்டையும் மெருகேற்றுவார்கள். பிறகு ஒவ்வொன்றாக வைத்து, ஒரு தடவைக்கு மேல் அழுத்தி அடிப்பார்கள். கையுறை போட்டு எடுத்துத் தட்டில் வைப்பார்கள். அதனால்தான் காசின் தரை, அதாவது உருவம் இல்லாத வெற்றுப் பரப்பு, கண்ணாடி மாதிரியும், காந்தியின் முகம் பனி படர்ந்த மாதிரி வெளுப்பாகவும் நிற்கும். அந்தக் கண்ணாடிக்குத்தான் காசு கொடுக்கிறோம். விபூதி சாம்பல்தானே? விளக்குக்கு அது நல்லது. கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தால் என்ன ஆகும்? டியூப் லைட்டுக்குக் கீழே காசைக் கொஞ்சம் சாய்த்துப் பார்.

கமலா, 11:22
பார்த்தேன்.

கமலா, 11:22
வட்ட வட்டமாகக் கோடு. தோசைக்கல்லில் மாவு இழுத்த மாதிரி.

ரகு, 11:23
அதேதான்.

மீனா, 11:25
ஆனால் கறுப்பாக இருந்ததே ரகு? கறுப்பை அப்படியே விடுவதா?

ரகு, 11:29
விடவேண்டும். வெள்ளிக்குக் கறுப்பது இயல்பு. காற்றில் இருக்கிற கந்தகம் போதும், அப்பா கட்டிவைத்த ரப்பர் பேண்டும் அட்டையும் இன்னும் சீக்கிரம் கறுக்க வைத்திருக்கும். ஓரத்தில் நீலமும் பொன்நிறமும் கலந்து அழகாகக் கறுத்த காசுக்குக் கூடுதல் விலை கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். துலக்கிய காசைப் பார்த்தால் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

கார்த்திக், 11:41
மாமா, இதைப் பாருங்கள். ஒரு விளம்பரம் வந்தது. காந்தி பத்து ரூபாய்க்கு 5 லட்சம் தருகிறார்களாம். நம்பர் கொடுத்துப் பதிவு செய்தால் போதும். பதிவுக் கட்டணம் 2,000 மட்டும்.

ரகு, 11:43
கட்டிவிட்டாயா?

கார்த்திக், 11:43
இன்னும் இல்லை.

ரகு, 11:50
கட்டாதே. வாங்குகிறவன் எதற்கடா விற்கிறவனிடம் கட்டணம் கேட்கிறான்? பழைய காசு, பழைய நோட்டு வாங்குவதாக ரிசர்வ் வங்கி பேரைச் சொல்லிக் கட்டணம், கமிஷன், வரி என்று பிடுங்குகிறார்கள், எங்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிக்கை விட்டது. அதோடு, அந்தப் பத்து ரூபாயைச் சாதாரணமாகவும் லட்சக்கணக்கில் அடித்து மக்களிடம் விட்டிருக்கிறார்கள். நிறைய வீட்டில் பாட்டி சுருக்குப் பையில் ஒன்று இருக்கும். ப்ரூஃப்தான் குறைச்சல். அதிலும் பெட்டியோடு, ஒன்பதும் கலையாமல், யார் கையும் படாமல் இருந்தால்தான் பேச்சே.

கார்த்திக், 11:52
அப்படியானால் இப்போது?

ரகு, 11:53
எட்டு நல்ல காசு, ஒரு குத்துவிளக்கு.

கமலா, 11:53
😑

கார்த்திக், 12:05
மாமா, நானும் ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். இப்போதும் ப்ரூஃப் விற்கிறார்களா?

ரகு, 12:19
விற்கிறார்கள். மின்ட்டின் இணையதளத்தில் முன்பதிவு திறக்கும்போது வாங்க வேண்டும். பணம் கட்டிவிட்டு மறந்துவிடு, மாதக்கணக்கில் ஆகலாம். பெரும்பாலும் ஒரே காசை ப்ரூஃப், யுஎன்சி என்று இரண்டு விதமாகக் கொடுப்பார்கள். யுஎன்சி என்றால் புழங்காத காசு, அவ்வளவுதான். அந்தக் கண்ணாடித் தரை அதில் இருக்காது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு தடவை பார்த்துவிட்டால் பிறகு யாரும் உன்னை ஏமாற்ற முடியாது. என்னிடம் தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரம் ஆண்டுக்கு வந்த ஆயிரம் ரூபாய்க் காசு ப்ரூஃபில் இருக்கிறது. 35 கிராம், 80 சதவீதம் வெள்ளி. உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும்.

சுதா, 12:20
உள்ளங்கையில் வைக்க விட்டால்தானே தெரியும். எனக்குக் கல்யாண நாளன்று காட்டினார், தூரத்திலிருந்து.

ரகு, 12:26
காசு செலவில்லாமல் ஆரம்பிக்கவேண்டும் என்றால் உண்டியலைக் கொட்டிப் பார் கார்த்திக். 1995 உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த வள்ளுவர் காசு கிடைக்கலாம். அண்ணா நூற்றாண்டு 5 ரூபாயில் அவர் கையெழுத்து தமிழிலேயே இருக்கும். எது வாங்கினாலும் விளிம்பைப் பிடித்துத் தூக்கு. பிவிசி பிளாஸ்டிக் கவரில் போடாதே, நாளாக ஆகப் பச்சையாகப் பிசுபிசுக்கும்.

வித்யா, 12:38
[படம்]
மாமா, இன்னொரு சந்தேகம். ஒரு ரூபாயில் காந்தி காதுக்குப் பக்கத்தில் கறை மாதிரி இருக்கிறது. பெரிதாக்கினால் விரல் ரேகை. இதை அம்மா செய்யவில்லை, சத்தியமாக.

கமலா, 12:39
நான் பத்து ரூபாயை மட்டும்தான் எடுத்தேன்.

மீனா, 12:40
அசிட்டோனில் போட்டால் போய்விடும் என்று எங்கோ படித்தேனே?

ரகு, 12:44
புது எண்ணெய்ப் பிசுக்கு என்றால் போகும். இது பழசு. வியர்வை உப்பு உலோகத்தைத் தின்றுவிட்டது. போகாது.

வித்யா, 12:46
ரொம்பச் சின்ன ரேகை மாமா. என் சுண்டுவிரலைவிடச் சின்னது. குழந்தை கை மாதிரி இருக்கிறது.

சுதா, 12:55
மறுபடியும் ஊஞ்சல்.

கமலா, 12:57
ரகு?

கமலா, 12:57
1972-ல் அப்பா உன்னை வாசல் தூணில் கட்டிப்போட்டாரே, எதற்கு என்று கடைசிவரை யாருக்கும் சொல்லவில்லையே, அது இதற்குத்தானா?

ரகு, 1:03
ஒன்பது வயது அக்கா. காசின் தரையில் என் முகம் தெரிந்தது. தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மீனா, 1:04
😂😂😂

கமலா, 1:05
காலையிலிருந்து என்னை என்ன பேச்சு பேசினாய்!

ரகு, 1:06
சரி, ஏழு நல்ல காசு.

கமலா, 1:10
பத்து ரூபாயை இனி தட்டில் வைத்துப் பிரயோஜனம் இல்லைதானே? அதில் வெள்ளி எவ்வளவு இருக்கும்?

ரகு, 1:12
15 கிராமில் 80 சதவீதம். 12 கிராம்.

கமலா, 1:13
அப்போது பூஜை அறையில் வைத்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு பொட்டு குங்குமம் வைக்கட்டுமா?

ரகு, 1:21
காந்தி முகத்தில் வேண்டாம். சிங்கம் இருக்கிற பக்கம் வை.