உதவி: 1741 குளச்சலுக்கு வந்த டச்சுக் கப்பல்களை எந்தத் தரவுத்தளத்தில் தேடுவது?

மண்டைக்காடு மாணவி:
முதுகலை ஆய்வேட்டுக்காக, 1741-இல் திருவிதாங்கூரோடு நடந்த சண்டையின்போது குளச்சல் கடலில் நின்ற டச்சுக் கம்பெனிக் கப்பல்களின் பெயர், வகை, எங்கிருந்து வந்தவை என்று பட்டியல் எடுக்க வேண்டும். நெதர்லாந்தின் ஹைகன்ஸ் ஆய்வு நிறுவனத்தின் 'டச்சு ஆசியக் கப்பல் போக்குவரத்து' தரவுத்தளத்தில் சேருமிடம் குளச்சல் என்று கொடுத்தால் ஒன்றுகூட கிட்டவில்லை. கூகுளில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சுருக்கப் பெயரான வி.ஓ.சி.யையும் தூத்துக்குடியையும் போட்டால் சிதம்பரனார் துறைமுகம்தான் வருகிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

தக்கலை ஆவணக்காரன்:
தேடிய இடம் தப்பு தங்கச்சி, தேடிய விதம் சரிதான். அந்தத் தரவுத்தளம் 1595 முதல் 1795 வரை நெதர்லாந்துக்கும் ஆசியாவுக்கும் இடையே நடந்த பயணங்களுக்கு மட்டும். போனவை 4,700க்கு மேல், திரும்பியவை 3,300க்கு மேல். கொழும்பிலிருந்தோ கொச்சியிலிருந்தோ குளச்சலுக்கு வந்த கப்பல் அதில் வரவே வராது. ஆசியாவுக்குள் நடந்த போக்குவரத்துக்கு 'பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) தலைமைக் கணக்கர்' தரவுத்தளம் இருக்கிறது. ஆனால் அது சரக்குக் கணக்கு. எல்லா வருடத்துப் பேரேடும் மிஞ்சவில்லை, படை ஏற்றி வந்த கப்பலை அதில் நம்பித் தேடவும் முடியாது.

உங்களுக்கு வேண்டியது கடிதங்கள். தி ஹேக் நகரத் தேசிய ஆவணக் காப்பகத்தில் கம்பெனி ஆவணத் தொகுப்பின் எண் 1.04.02. அதில் 'வந்து சேர்ந்த கடிதங்களும் தாள்களும்' என்ற வரிசையின் பக்கப் படங்கள் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கும். குளோபலைஸ் திட்டம் அந்தக் கையெழுத்தை எந்திரத்தால் படித்து எழுத்தாக்கி வைத்திருப்பதால் சொல் போட்டே தேடலாம்.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். இன்றைய மாவட்ட எல்லையை வைத்துத் தேடினால் பாதிதான் கிட்டும். கம்பெனிக்குக் குமரிமுனைதான் எல்லை. மேற்கே மலபார், அதற்குத் தலைமை கொச்சி. கிழக்கே தூத்துக்குடி, அது இலங்கை நிர்வாகத்தின் கீழ். குளச்சலில் இறங்கிய படை இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டது. ஆகவே மலபார்ப் பிரிவு, இலங்கைப் பிரிவு இரண்டையும் பார்க்க வேண்டும். மலபாரை மட்டும் பார்த்துவிட்டுச் சான்றே இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

ஊர்ப்பெயரை முழுசாகப் போடாதீர்கள். எழுத்தருக்கு எழுத்தர் எழுத்துக்கூட்டல் மாறும். சி-ஓ-எல் போட்டு நட்சத்திரக் குறி, பிறகு கே-ஓ-எல் போட்டு நட்சத்திரக் குறி என்று இரண்டு முறை தேடுங்கள். நட்சத்திரக் குறி என்றால் மீதி எழுத்து எதுவானாலும் வரட்டும் என்று பொருள். கொழும்பும் சேர்ந்து வரும், கண்ணால் பொறுக்கித்தான் ஆக வேண்டும். திருவிதாங்கூரை டி-ஆர்-ஏ, டி-ஆர்-இ இரண்டு மாதிரியும் எழுதியிருப்பார்கள். வரிக் கடைசியில் சொல் உடைந்தால் எந்திரம் அதை இரண்டு சொல்லாக எடுத்துக்கொள்ளும். அதனால் தேடி ஒன்றும் வரவில்லை என்பதால் அங்கே ஒன்றும் இல்லை என்று ஆகாது.

மண்டைக்காடு மாணவி:
நன்றி அண்ணே. 1741 என்று தலைப்பிட்ட தொகுதிகளை எடுத்துப் பார்த்தேன். மலபார்க் கடிதம் இருக்கிறது, சண்டையைப் பற்றி ஒரு வரி இல்லையே?

தக்கலை ஆவணக்காரன்:
இருக்காது. தொகுதியின் தலைப்பில் உள்ள வருடம் தாள்கள் நெதர்லாந்து வந்து சேர்ந்த வருடம், எழுதிய வருடம் இல்லை. கடிதம் இலங்கை வழியாகவோ பத்தாவியா வழியாகவோ சுற்றிக் கப்பலேறிப் போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும். 1742, 1743 தொகுதிகளை எடுங்கள். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் உள்ள பொருளடக்கப் பட்டியலை முதலில் படித்தால் நாள்கணக்கில் அலைச்சல் மிச்சம். கம்பெனியின் ஆம்ஸ்டர்டாம் கிளைக்குப் போன பிரதியில் மை ஊறிப் படிக்க முடியாவிட்டால் சீலாந்து கிளைக்குப் போன பிரதியைத் தேடுங்கள். அதே கடிதம் அங்கேயும் இருக்க வாய்ப்புண்டு.

கப்பல் பெயர் கிட்டியதும் நீங்கள் முதலில் பார்த்த தரவுத்தளத்துக்கே திரும்பிப் போங்கள். அந்தக் கப்பல் ஐரோப்பாவிலிருந்து வந்ததாக இருந்தால் கட்டிய ஆண்டும் கொள்ளளவும் அங்கே இருக்கும். உள்ளூர்ச் சிறு கலங்கள் இருக்காது. நம் தோணியை அதே சொல்லால்தான் டச்சுக்காரரும் எழுதினார்கள், அதைக் கப்பலின் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள்.

நாகர்கோவில் நூலகர்:
டச்சு தெரியாவிட்டால் கலெட்டியின் 'மலபாரில் டச்சுக்காரர்' நூலில் தொடங்குங்கள். 1911-இல் சென்னையில் அச்சானது, ஆர்க்கைவ் தளத்தில் இருக்கிறது. 1743-இல் மலபார்த் தளபதி ஸ்டைன் வான் கொல்லனெஸ் தன் பின்வந்தவருக்கு எழுதிய குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு அதில் உண்டு. திருவிதாங்கூர்ச் சண்டையை உள்ளிருந்து பார்த்தவர் எழுதியது. கடிதங்களில் வரும் புரியாத சொற்களுக்கு ஹைகன்ஸ் தளத்தில் உள்ள கம்பெனிச் சொல்லகராதியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்திர மொழிபெயர்ப்பில் போடுவதற்கு முன் எழுத்தாக்கத்தைப் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். திருத்தாமல் போட்டால் பிழையும் சேர்ந்து மொழிபெயர்ந்து வரும்.

எழும்பூர்த் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ள டச்சு ஆவணங்களின் படப் பிரதியும் தி ஹேக் தளத்திலேயே 1.11.06.11 என்ற எண்ணில் இருக்கிறது. சென்னைக்கு ரயிலேறும் முன் அதைப் பாருங்கள்.

வேணாட்டு வாசகன்:
தேதியில் கவனம். டச்சுக்காரர் எழுதியது புதிய நாட்காட்டி. அஞ்சுதெங்கு, தலைச்சேரி ஆங்கிலேயர் 1752 செப்டம்பர் வரை பழைய நாட்காட்டி. இடையே 11 நாள் வித்தியாசம், அவர்களுக்கு வருடப் பிறப்பும் மார்ச் 25. திருவிதாங்கூர் ஓலைகளில் கொல்லம் ஆண்டு: ஜனவரி முதல் ஆகஸ்ட் நடு வரை என்றால் 825 கூட்டுங்கள், சிங்கம் (ஆவணி) 1 முதல் டிசம்பர் வரை என்றால் 824. நீங்கள் தேடும் நிகழ்ச்சி வருடம் மாறும் தறுவாயில் நடந்தது. 916, 917 இரண்டையும் பார்க்க வேண்டும். மூன்று நாட்காட்டியையும் ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் வைத்து, மூலத்தில் உள்ள தேதியை மாற்றாமல் முதல் கட்டத்தில் எழுதுங்கள்.

மண்டைக்காடு மாணவி:
கடைசியாக ஒன்று. அடிக்குறிப்பில் பட எண் போடவா, ஏட்டு எண் போடவா?

தக்கலை ஆவணக்காரன்:
இரண்டும். பட எண்ணும் தாளின் மேல் மூலையில் எழுதிய ஏட்டு எண்ணும் ஒத்துப்போகாது. தொகுப்பு எண், தொகுதி எண், ஏட்டு எண், முன்பக்கமா பின்பக்கமா, பட எண் என்ற வரிசையில் எழுதுங்கள். படத்தை இறக்கும்போது கோப்பின் பெயரை மாற்றவே மாற்றாதீர்கள். தொகுப்பு எண்ணும் தொகுதி எண்ணும் பட எண்ணும் அந்தப் பெயரிலேயே இருக்கின்றன.