புதுப்பிப்பு: டிவிடி பிளேயரில் ஓடாத இறுவட்டு (தீர்ந்தது)

வற்றாப்பளைப் பொங்கல் காணொளியை எழுதிய இறுவட்டு கணினியில் ஓடுகிறது, சனசமூக நிலைய டிவிடி பிளேயரில் ஓடவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லாருக்கும் நன்றி.

மாங்குளத்து அண்ணா சொன்ன வழிதான் சரிவந்தது. இறுவட்டு எழுதும் இலவச மென்பொருளான இம்க்பேர்னில், டிவிடி காணொளிக் கோப்புகள் இருக்கும் 'வீடியோ_டிஎஸ்' கோப்புறையைக் கொடுத்து, கோப்பு முறைமையை (கோப்புகளை அடுக்கும் முறையை) ஐஎஸ்ஓ9660 + யூடிஎஃப் 1.02 என வைத்து முதலில் இமேஜ் (முழு இறுவட்டும் ஒரே கோப்பாக) ஆக்கினேன். பிறகு அதை ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய டிவிடி-ஆரில் 4எக்ஸ் வேகத்தில் எழுதி, எழுதியது சரியா என்று பார்க்கும் 'வெரிஃபை'யும் ஓடவிட்டேன். பிளேயர் உடனே வாசித்தது. வேகத்தை மட்டும் குறைத்துப் பார்த்தது உதவவில்லை. அம்மம்மாமார் எல்லாரும் கூடியிருந்து பார்த்தார்கள், அதுவே எனக்குப் பெரிய நிறைவு.

எதிர்பாராத ஒன்று: முள்ளியவளைக்கு அனுப்ப இமேஜைப் பென் ட்ரைவில் போட்டால், இடம் இருந்தும் ஏறவில்லை. பென் ட்ரைவின் கோப்பு முறைமை எஃப்ஏடி32 ஆக இருந்தால் 4 ஜிபியைத் தாண்டிய தனிக் கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட்டாக போர்மட் செய்ததும் ஏறியது. போர்மட் செய்தால் பென் ட்ரைவில் இருப்பதெல்லாம் அழியும், முதலில் வேறிடத்தில் எடுத்து வையுங்கோ.