யாரோ கொட்டிய குப்பைக்கு நிலத்துக்காரரான எனக்கு நோட்டீஸ்: என்ன செய்வது?

கேள்வி: ஓசூரில் வசிக்கும் நிலத்துக்காரர்

அனைவருக்கும் வணக்கம். கோவை – பொள்ளாச்சி சாலையில் கிணத்துக்கடவைத் தாண்டி, ஒரு கிராம ஊராட்சியின் எல்லைக்குள் என் தந்தையார் 1996-இல் வாங்கிய 22 சென்ட் நிலம் எங்களுக்கு உள்ளது. ஓசூரில் பணிபுரிவதால் பொங்கலுக்கும் ஆடிக்கும் மட்டுமே அங்கே சென்று பார்க்க முடிகிறது. சென்ற பொங்கலின்போது சீமைக்கருவேலம் மட்டுமே வளர்ந்திருந்த நிலத்தில், இம்முறை ஏறக்குறைய மூன்று டிப்பர் அளவுக்குக் கட்டட இடிபாடும், நீல நைலான் கயிற்றால் கட்டிய கோழிக்கழிவு மூட்டைகள் பத்துப் பன்னிரண்டும் கிடக்கின்றன. மூட்டைகளை நாய்கள் கிழித்து இறகையும் குடலையும் பக்கத்துத் தோட்டம் வரை இழுத்துப் போட்டிருக்கின்றன. ஓரமாக இரண்டு மஞ்சள் நிற உறைகளில் சலைன் குழாய்களும் பஞ்சும் இருந்ததைக் கண்டு எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது.

இடிபாட்டில் உடைந்த ஓடுகள், இளஞ்சிவப்பு நிறக் குளியலறைக் கற்கள், ஒரு வீட்டின் பெயரும் 1984 என்ற ஆண்டும் பொறித்த சலவைக்கல் என்று ஒரு முழு வீடே கிடக்கிறது. இவ்வளவும் போதாதென்று, பதினைந்து நாள்களுக்குள் நிலத்தைச் சுத்தம் செய்யாவிட்டால் ஊராட்சியே செய்து செலவை என்னிடம் வசூலிக்கும் என்று கடிதம் வந்திருக்கிறது. காவல் நிலையத்தில், கொட்டியவர் யார் என்று தெரிந்தால் வாருங்கள் என்கிறார்கள். ஒரு பொக்லைனை வரவழைத்து எல்லாவற்றையும் ஒரு மூலையில் தள்ளித் தீ வைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. இத்தகைய நிலையைச் சந்தித்தவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்

ஐயா, முதலில் பொக்லைனை நிறுத்துங்கள். தீப்பெட்டியையும் கீழே வையுங்கள். குப்பையை எரிப்பதே திடக்கழிவு விதிகள் தடை செய்த செயல். நீங்கள் தீ வைத்த மறுநொடி, பாதிக்கப்பட்டவர் என்ற இடத்திலிருந்து குற்றம் செய்தவர் என்ற இடத்துக்கு மாறிவிடுவீர்கள். பிளாஸ்டிக்கும் இறகும் சேர்ந்து எரியும் புகை எந்தத் தோட்டத்துக்குப் போகிறதோ, அந்தத் தோட்டத்துக்காரர்தான் நாளைக்கு உங்கள் மீது புகார் கொடுப்பார்.

உங்கள் கடிதத்தில் மிகப் பெரிய தடயத்தை நீங்களே போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். வீட்டின் பெயரும் ஆண்டும் பொறித்த சலவைக்கல்லைத்தான் சொல்கிறேன். பணியில் இருந்த காலத்தில் குப்பை மேட்டைக் கிளறி முகவரி தேடுவதே எங்கள் வேலையில் பாதியாக இருந்தது. மின்கட்டண அட்டை, கூரியர் உறை, மருந்துச் சீட்டு, பள்ளி நோட்டின் அட்டை, கல்யாண மண்டபத்து அழைப்பிதழ் என்று கிடைக்கும். பெயர்க்கல் கிடைப்பது அரிது. சுற்றுவட்டாரத்தில் அண்மையில் எந்தப் பழைய வீடு இடிக்கப்பட்டது என்று இரண்டு கொத்தனார்களிடமும் ஒரு தேநீர்க் கடையிலும் விசாரித்தால் போதும். வீட்டுக்காரருக்கு இதில் எதுவுமே தெரிந்திருக்காது. இடிக்க ஒப்பந்தம் எடுத்தவர் லாரி வாடகையை மிச்சப்படுத்த, திருப்ப வசதியான முதல் காலி நிலத்தில் சாய்த்திருப்பார். ஆனால் கட்டடக் கழிவுக்கென்று தனி விதிகளே உள்ளன. கழிவை உண்டாக்கியவரே அதை முறையாக அப்புறப்படுத்தும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்பது அவற்றின் அடிப்படை. இதை வீட்டுக்காரரிடம் பணிவாக எடுத்துச் சொன்னால், ஒப்பந்தக்காரரை அவரே அழைத்துக்கொண்டு வருவார்.

எனவே எதையும் அகற்றுவதற்கு முன், நிலத்தின் எல்லைக்கல்லோ அடையாளம் காணத்தக்க பக்கத்துக் கட்டடமோ தெரியும்படி தொலைவிலிருந்து சில படங்களும், ஒவ்வொரு குவியலையும் அருகிலிருந்து சில படங்களும் எடுங்கள். டயர் தடம் இன்னும் இருந்தால் அதையும் எடுங்கள். தடத்தின் அகலத்தைப் பார்த்தே டிப்பரா, குட்டியானையா என்று சொல்லிவிடலாம்.

மறுமொழி 2: மருத்துவமனைக் கழிவுப் பிரிவில் பணிபுரிபவர்

மஞ்சள் உறைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவற்றைக் கையால் தொடாதீர்கள். குச்சியால் கிளறவும் வேண்டாம், உள்ளே ஊசி இருக்கலாம். மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி மஞ்சள் உறை நோயாளியின் உடற்கழிவுக்கும் இரத்தம் பட்ட பஞ்சுக்கும் உரியது. குழாய்கள் சிவப்பு உறைக்குள் போக வேண்டும். இரண்டும் ஒரே உறையில் கலந்து கிடக்கின்றன என்றால், தரம் பிரிக்கும் பழக்கமே இல்லாத சிறிய இடத்திலிருந்து வந்திருக்கலாம் என்பது என் ஊகம். வெளியே அனுப்பப்படும் உறைகளில் பார்கோடு ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அது இருந்தால் கைப்பேசியில் பெரிதாக்கிப் படம் எடுங்கள். எந்த மருத்துவமனை என்று அதைக்கொண்டு கண்டுபிடித்துவிடுவார்கள். புகாரை மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு அனுப்புங்கள். காவல் நிலையத்துக்கு ஒரு நகல் போகட்டும்.

இது எல்லையோர மாவட்டம் என்பதை மறக்க வேண்டாம். 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்துக் கிராமங்களில் கேரள மருத்துவமனைகளின் கழிவு கொட்டப்பட்டது தெரியவந்தபோது, பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தலையிட்டதால், கேரளமே லாரிகளை அனுப்பி அதைத் திரும்ப அள்ளிச் சென்றது. அடுத்த ஆண்டு, மருத்துவக் கழிவை முறைகேடாகக் கொட்டுபவர்களையும் குண்டர் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரும் திருத்தம் தமிழ்நாட்டில் நிறைவேறியது. ஆகவே மருத்துவக் கழிவு என்ற சொல் புகாரின் முதல் வரியிலேயே இருக்கட்டும். கோழி இறகுக்கு நகராத கோப்பு இதற்கு நகரும்.

மறுமொழி 3: வழக்கறிஞர், பொள்ளாச்சி வட்டாரம்

கொட்டியவர் பெயர் தெரிந்தால்தான் புகார் வாங்குவோம் என்பது சட்டம் அன்று. அடையாளம் தெரியாத நபர் என்று எழுதியே புகார் கொடுக்கலாம். அத்துமீறி நுழைதல், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவில் வருகிறது. மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். நோய் பரப்பக்கூடிய அலட்சியச் செயல் 271-ஆம் பிரிவு. நீங்கள் ஓசூரில் இருப்பதால் மின்னணு வழியிலும் தகவல் அனுப்பலாம். ஆனால் மூன்று நாள்களுக்குள் நேரில் வந்து கையொப்பமிட வேண்டும். நிலையத்தில் மறுத்தால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவின்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் அஞ்சலில் அனுப்புங்கள். முதல் தகவல் அறிக்கை உடனே பதிவாகாவிட்டாலும் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள்.

ஊராட்சியின் கடிதத்துக்கு மனம் வெதும்பிப் பதில் எழுதாமல் விட்டுவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. நிலத்தை வைத்திருப்பவரிடம்தான் உள்ளாட்சி அமைப்பு முதலில் கேட்கும். அதன் பதிவேட்டில் இருப்பது உங்கள் பெயர் மட்டுமே. கழிவு பிறரால் கொட்டப்பட்டது, புகார் கொடுக்கப்பட்டுள்ளது, அகற்றக் கால நீட்டிப்பு வேண்டும் என்று குறிப்பிட்டு, சி.எஸ்.ஆர். நகலையும் படங்களையும் இணைத்து ஒப்புகையுடன் அனுப்புங்கள். வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் நகல் இருக்கட்டும். கோட்டாட்சியரிடம் அதே நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவின் கீழ் தொல்லை நீக்க மனுப் போடலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். அந்த உத்தரவை நிலத்துக்காரரான உங்களுக்கு எதிராகவே பக்கத்துத் தோட்டத்துக்காரர் கேட்டு வாங்க முடியும் என்பதால், கொட்டியவர் யாரென்று தெரியாத இன்றைய நிலையில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மறுமொழி 4: நெகமம் பக்கத்து விவசாயி

சட்டம் எல்லாம் சரிதான், ஆனால் நிலம் திறந்து கிடக்கும் வரை லாரி வந்துகொண்டேதான் இருக்கும். எங்கள் நிலத்தில் முதலில் கல்கால் நட்டுக் கம்பி வேலி போட்டோம். மூன்றே மாதத்தில் கம்பியை வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள். சோலார் கேமரா வைத்தோம். அதையும் கழற்றிக்கொண்டு போனார்கள், கழற்றியவன் முகம் மட்டும் கைப்பேசிக்கு வந்தது. கடைசியில் பலன் தந்தது பள்ளம்தான். பாதையை ஒட்டிய எல்லை நெடுக மூன்றடி அகலம், மூன்றடி ஆழத்துக்குப் பறித்து, எடுத்த மண்ணை உள்பக்கம் வரப்பாகப் போட்டோம். டிப்பர் ஓட்டுபவருக்கு வேண்டியது பின்பக்கமாக ஏற்றி, சாய்த்து, இரண்டு நிமிடத்தில் போய்விடுவது. சக்கரம் இறங்காத இடத்தில் அவர் நிற்பதே இல்லை.

பறிப்பதற்கு முன் சர்வேயரை அழைத்து அளந்து எல்லைக்கல்லை உறுதி செய்துகொள்ளுங்கள். பாதைப் புறம்போக்கில் அரையடி ஏறிவிட்டாலும் அடுத்த நோட்டீஸ் அதற்கு வரும். குடிநீர்க் குழாய் போகிறதா என்றும் ஊராட்சியில் கேட்டுவிடுங்கள். இன்னொன்று, மழைக்கு முன்பு பக்கத்தில் மாடு வைத்திருப்பவர் யாரிடமாவது தீவனத் தட்டுக்குச் சோளம் விதைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பயிர் நிற்கும் நிலத்தில், ஆள் வந்து போகும் நிலத்தில் யாரும் மூட்டை போடத் துணிய மாட்டார்கள்.

மறுமொழி 5: வழக்கறிஞர், பொள்ளாச்சி வட்டாரம்

பள்ளம் பற்றி முழுவதும் உடன்படுகிறேன். சோளம் பற்றி ஓர் எச்சரிக்கை. வாய்ச்சொல்லாக விட்டுவிட்டு ஆண்டுக்கு இரண்டு முறை மட்டுமே வந்துபோனால், சில ஆண்டுகள் கழித்துக் குத்தகைதாரர் உரிமை என்று பேச்சு எழக்கூடும். 1955-ஆம் ஆண்டுச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வலுவானது. குத்தகையோ வாரமோ (விளைச்சலில் பங்கோ) வாங்காமல், ஒரு பருவத்துக்குத் தீவனம் விளைவிக்க மட்டும் அனுமதி என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவரின் பதில், ஏழு வாரங்களுக்குப் பிறகு

பதில் தந்த பெரியவர்கள் அனைவருக்கும் நன்றி. சலவைக்கல்லின் படத்தை வைத்துக்கொண்டு விசாரித்ததில், இரண்டாவது தேநீர்க் கடையிலேயே வீடு தெரிந்துவிட்டது. வீட்டுக்காரர் எழுபது வயதைக் கடந்தவர். தம் தாயார் பெயரிட்ட வீட்டின் கல் பிறர் நிலத்துக் குப்பையில் கிடக்கிறது என்று அறிந்ததும் அவர் பேச்சற்றுப் போனார். ஒப்பந்தக்காரர் முதலில் மறுத்தார், சி.எஸ்.ஆர். நகலைக் காட்டிய பிறகு, இரண்டு நாள்களில் அவருடைய செலவிலேயே இடிபாடு முழுவதும் அள்ளப்பட்டது. கல்லை மட்டும் பெரியவர் தம் மகனுடைய காரில் வைத்து எடுத்துச் சென்றார்.

மஞ்சள் உறைகளை மாசு கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து வந்து பார்த்து எடுத்துப் போனார்கள். பார்கோடு எதுவும் இல்லாததால் எங்கிருந்து வந்தவை என்று இதுவரை தெரியவில்லை. ஊராட்சி ஒரு மாதம் நீட்டிப்புத் தந்தது. கோழிக்கழிவை நானே ஆள் வைத்து, நிலத்தின் உள்மூலையில் ஆழமாகக் குழி தோண்டச் செய்து, சுண்ணாம்பு தூவிப் புதைத்தேன். ஊராட்சி செயலரின் யோசனைப்படிதான் செய்தேன் என்றாலும், அது சரியான வழியா என்ற ஐயம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அளந்த பிறகு பள்ளமும் பறித்தாயிற்று. டிப்பர் எதுவும் வரவில்லை. ஆனால் சென்ற வாரம் போனபோது பள்ளத்துக்குள்ளேயே இரண்டு கோழி மூட்டைகள், அதே நீல நைலான் கயிறு. இரு சக்கர வாகனத்தில் வந்து வீசுகிறவர்கள் போலும். அக்டோபர் 2 கிராம சபையில் மனுவாகக் கொடுக்க எழுதி வைத்திருக்கிறேன். கயிற்றின் படத்தையும் அதனுடன் இணைத்திருக்கிறேன்.